பிலிருபின் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது

காமாலை, கண் மஞ்சளாகிவிட்டது என்று வருபவர்கள் முதலில் காட்டுவது ரிப்போர்ட்டில் உள்ள பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியின் எண்ணைத்தான். நான் திருப்பிக் கேட்பது வேறு: சிறுநீர் என்ன நிறம், மலம் என்ன நிறம், உடம்பு அரிக்கிறதா? மலத்தைப் பற்றிக் கேட்டதும் பலர் கூச்சப்படுவார்கள். பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். கோளாறு எங்கே என்பதில் பாதி அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாளில் சிதைகின்றன. அப்போது ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் உண்டாகிறது. அது நீரில் கரையாது. அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கல்லீரலுக்குப் போகும். ரிப்போர்ட்டில் 'இன்டைரக்ட்' என்று இருப்பது இதுதான். கல்லீரல் அதை நீரில் கரையும்படி மாற்றி, பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. இது 'டைரக்ட்'. மலத்துக்குப் பழுப்பு நிறம் வருவதே இதனால்தான்.

பித்தக்குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்துக்கொண்டால் டைரக்ட் பிலிருபின் குடலுக்குப் போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறும். மலம் களிமண் போல வெளுக்கும், சிறுநீர் கருக்கும், அரிப்பில் தூக்கம் போகும். இங்கே மருந்தை விட ஸ்கேன்தான் அவசரம். கூடவே காய்ச்சலும் குளிரும் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பச்சைக் குழந்தைக்கும் இதே கணக்குதான். பிறந்து இரண்டு மூன்று நாளில் வரும் மஞ்சள் பெரும்பாலும் தானே தணியும். முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தால் அப்படி விடக்கூடாது. இன்டைரக்ட் மிக அதிகமானால் மூளையைப் பாதிக்கும். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லையா? டைரக்ட் எவ்வளவு என்று பார்த்தே ஆக வேண்டும். பித்தக்குழாய் சரியாக உருவாகாத குழந்தைக்கு 60 நாளுக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் பலன் கூடுதல்.

சரி, பயப்படத் தேவையில்லாதவர்களும் உண்டு. மொத்த பிலிருபின் பொதுவாக டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராமுக்குள் இருக்கும், 2.5, 3 என்று ஏறும்போதுதான் கண் வெள்ளையில் தெரியும். வழக்கமான பரிசோதனையில் 2 என்று வந்து கலங்கிப்போய் வரும் இளைஞர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஏறியிருப்பது இன்டைரக்ட் மட்டும், கல்லீரல் என்சைம்கள் சரி, ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதையவும் இல்லை என்றால் அது அநேகமாக கில்பர்ட் சிண்ட்ரோம். பிறவியிலேயே ஒரு என்சைம் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். பட்டினி கிடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ கொஞ்சம் ஏறும், அப்புறம் இறங்கும். இதற்கு மருந்தே வேண்டாம். இவர்களில் சிலர் வருடக்கணக்கில் கல்லீரல் டானிக் குடித்துக்கொண்டிருப்பதுதான் வருத்தம்.

வைரஸ் தொற்றால் வரும் காமாலையில் நிலைமை வேறு. என்சைம்கள் இறங்கி, பசி திரும்பிய பிறகும் பிலிருபின் மட்டும் சில வாரம் மெதுவாகவே குறையும். தினமும் அதை அளந்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் அதிகம் கவனிப்பது ஐ.என்.ஆர். என்ற ரத்த உறைவுப் பரிசோதனையை. உறைவுக்கான புரதங்களைப் பெரும்பாலும் கல்லீரலே தயாரிப்பதால், அது எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதை இந்த எண் காட்டிக்கொடுக்கும். டாக்டரைக் கேட்காமல் பாரசிட்டமாலோ மூலிகை மருந்தோ எடுக்காதீர்கள். காமாலை உள்ளவர் உளறினாலோ, பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ மறுநாள் வரை காத்திராமல் உடனே அழைத்துப் போங்கள்.