‘எங்க லிமிட் இல்லை’ என்றால்: ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிவு செய்வது எப்படி?

பைக்கில் வந்தவர்கள் செல்போனையோ செயினையோ பறித்துக்கொண்டு போனால், அருகில் உள்ள எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்; ‘எங்க லிமிட் (எல்லை) இல்லை’ என்று போலீஸ் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு தரும் உரிமை இது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், அது எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்தாக வேண்டும். வரிசை எண்ணுக்குப் பதில் பூஜ்யம் போட்டு எஃப்.ஐ.ஆர். பதிந்து (இதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர்.), சம்பவ இடத்து நிலையத்துக்கு அனுப்புவார்கள். வழக்கமான எண் அங்கே கிடைக்கும். காகிதத்தை அனுப்பிவைப்பது அவர்கள் பொறுப்பு, நீங்கள் நிலையம் நிலையமாக அலைய வேண்டியதில்லை.

பெரும்பாலான புகார்கள் சறுக்குவது எழுதும் விதத்தில்தான். ‘செல்போன் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள், சீக்கிரம் முடியும்’ என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொலைந்தது என்று எழுதினால் அங்கே குற்றமே இல்லை, எனவே வழக்கும் இல்லை. ‘திருட்டு’ என்று மட்டும் எழுதினாலும் ஒரு சிக்கல் உண்டு: குற்றங்களையும் தண்டனைகளையும் வரையறுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளின் திருட்டு, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் அல்ல. பறிப்புக்கு (பிரிவு 304) இந்த மதிப்பு வரம்பு கிடையாது. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள்: ‘இரவு 8.40 மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, பைக்கில் பின்னால் அமர்ந்து வந்தவர் என் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கிச் சென்றார்.’ வண்டியின் நிறம், போன திசை, செல்போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண் எல்லாம் அதில் வரட்டும். எதிரே கேமரா உள்ள கடையின் பெயரையும் சேருங்கள். சில வாரங்களில் கேமராவின் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

கீழே தள்ளிக் காயப்படுத்தியிருந்தால் அதைக் கண்டிப்பாகக் குறிப்பிடுங்கள். அது பறிப்பைத் தாண்டிய கொள்ளைக் குற்றம் (பிரிவு 309). அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், பதியச் சொல்லுங்கள். பறிப்புக்கும் கொள்ளைக்கும் உள்ள இந்த வேறுபாடு இன்னொரு இடத்திலும் கைகொடுக்கும். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் முன் அனுமதியோடு, எஃப்.ஐ.ஆர். பதிவதற்கு முன் 14 நாள் வரை போலீஸ் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். 3 ஆண்டு வரை தண்டனை உள்ள பறிப்பு இதற்குள் வருகிறது. 10 ஆண்டு வரை தண்டனை உள்ள கொள்ளை வராது.

தமிழ்நாட்டில் புகார் கொடுத்தவுடன் பெரும்பாலும் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். (சமூகப் பணிப் பதிவேடு) ரசீது. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. குற்றம் நடந்தது தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. எனவே ரசீதோடு திருப்தி அடையாமல் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேளுங்கள். அதை இலவசமாகத் தர வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் எழுதிப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். படித்துக்காட்டாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆன்லைனில் அனுப்பிய புகார் பலருக்கு வீணாகக் காரணம், அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவதே. 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட்டால்தான் அது பதிவில் ஏறும்.

பதிய மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். புகாரின் சாரத்தை மாவட்ட எஸ்.பி.க்கும், கமிஷனரேட் உள்ள நகரங்களில் துணை கமிஷனருக்கும் எழுத்தாகத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவின் கீழ், பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். தபால் ரசீது இல்லாமல் போனால் மனு அங்கேயே நின்றுவிடும். பாலியல் வன்கொடுமை போன்ற குறிப்பிட்ட குற்றங்களில் தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

செல்போன் போயிருந்தால், புகார் நகலோடு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்குங்கள். அதற்கு ஓ.டி.பி. வேண்டும் என்பதால், அதே எண்ணில் மாற்று சிம் வாங்குவது முதல் வேலை.

எஃப்.ஐ.ஆர். பதிந்த பின், புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் போலீஸே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தகவல் வராவிட்டால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193(3) பிரிவைக் குறிப்பிட்டு, எஃப்.ஐ.ஆர். எண்ணோடு இன்ஸ்பெக்டருக்கு எழுதிக் கேளுங்கள்.