பொடி கூடினால் பலம் கூடுமா?

ப்ராஜெக்ட் சீசன் வந்துவிட்டது. உருகிய அலுமினியத்தில் கலந்து பலமான கலப்புப் பொருள் வார்க்க வேண்டும் என்று, சிலிக்கன் கார்பைடு என்ற கடினமான செராமிக் பொடிப் பாக்கெட்டோடு மாணவர்கள் எங்கள் பவுண்டரி வாசலில் நிற்கிறார்கள். போன வாரம் ஒரு தம்பி, நான் கத்துவதற்குள் பாக்கெட்டைப் பிரித்து அப்படியே உலோகம் உருகும் மூசைக்குள் கொட்டிவிட்டான். பொடியில் ஈரம். உருகிய அலுமினியம் தெறித்து முழங்கைக்குக் கீழே கொப்புளம். அரைக்கைச் சட்டை வேறு. கண் தப்பியதே பெரிய விஷயம்.

அதைவிட என்னை அலுக்க வைப்பது வழக்கமான அந்தக் கேள்விதான்: “சார், 10 சதவீதம் போட்டாச்சு, 25 போட்டா இன்னும் ஸ்ட்ராங் ஆகுமா?” எந்தப் பலம் வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள். 20 சதவீதம் கலந்தால் 70 ஜிகாபாஸ்கலாக இருந்த விறைப்பு 100-ஐ ஒட்டி வரும், தேய்மானமும் குறையும். சரி. ஆனால் இழுவையில் நீளும் தன்மை போய்விடும், பட்டென்று முறியும். பொடியைக் கூட்டக் கூட்ட அது திட்டுத் திட்டாகச் சேரும், காற்றும் உள்ளே மாட்டும். விரிசல் கிளம்புவது அங்கிருந்துதான். ஹார்ட்னஸ் (கடினத்தன்மை) ஏறியதை மட்டும் காட்டி ‘பலம் கூடியது’ என்று ரிப்போர்ட் எழுதாதீர்கள். அழுத்திப் பார்க்கும் சோதனை முனை பொடிமேல் விழுந்தால் எண் ஏறத்தானே செய்யும்!

1983-இல் டொயோட்டா தன் டீசல் பிஸ்டனில் செராமிக் இழை சேர்த்தது. பிஸ்டன் முழுக்க அல்ல, ரிங் உட்காரும் காடியில் மட்டும். தேய்வது அங்கேதான். மின்ரயில்களில் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பவர் மாட்யூலின் அலுமினிய அடித்தட்டுகளில் 60 சதவீதத்துக்கு மேலும் சிலிக்கன் கார்பைடு இருக்கும். பலத்துக்காக இல்லை, தட்டு சூட்டைக் கடத்த வேண்டும், சூட்டில் அதிகம் விரியவும் கூடாது. அதையும் யாரும் கலக்கிச் செய்வதில்லை. பொடியை முதலில் வில்லையாக்கி, அதற்குள் உலோகத்தை ஏற்றுகிறார்கள்.

செய்தே தீர வேண்டுமா? பொடியைச் சூடாக்கி ஈரம் போக்குங்கள். கலக்கும் தண்டு, கரண்டி, அச்சு எல்லாவற்றையும் அப்படியே. சிலிக்கன் அதிகமுள்ள வார்ப்புக் கலவையை எடுங்கள். சிலிக்கன் குறைவான 6061 அலுமினியக் கலவையைப் பொடியோடு அதிகச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் அலுமினியம் கார்பைடு உண்டாகும்; ஈரம் பட்டால் அது சிதையும். வைவா வரைக்கும் தாங்கும், அவ்வளவுதான். முகக் கவசம், தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை கட்டாயம். நைலான் சட்டையோடு உலைப் பக்கமே வராதீர்கள்.

அப்புறம், லேத்காரரிடம் “வெறும் அலுமினியம்தான் அண்ணே” என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. லேத்தில் வெட்டும் சாதாரண டங்ஸ்டன் கார்பைடு முனை சீக்கிரமே மழுங்கிவிடும், நஷ்டம் அவருக்கு. இதற்கு வைர முனை வேண்டும். மிச்சத்தைக் காயலான் கடையில் போடும்போதும் தனியாகக் கட்டி, என்ன கலந்திருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். மற்ற ஸ்கிராப்போடு சேர்ந்து உருகினால், அடுத்தவர் வார்ப்பில் அந்தத் துகள்தான் டூலை உடைக்கும்.