தோண்டும் முன் கேளுங்கள்: அடியில் போவது யாருடைய கேபிள்?

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் பள்ளம் எடுப்பவர்களுக்குத் தெரியும், சில இடங்களில் மூன்றடி போவதற்குள் பாறை தட்டிவிடும். ஒளி வழியாகத் தகவலைக் கொண்டுபோகும் மெல்லிய கண்ணாடி இழைகள் கொண்ட ஆப்டிக்கல் ஃபைபர் கேபிளை வழக்கமாக 1.65 மீட்டர் ஆழத்தில் பதிக்க வேண்டும். பாறை குறுக்கிட்டால் அந்த ஆழம் கிடைக்காது. இரும்புக் குழாய்க்குள் விட்டோ கான்கிரீட் போட்டோ மேலாகவே கொண்டுபோவோம். அதனால் 'அஞ்சடிக்குக் கீழேதானே இருக்கும்' என்ற கணக்கு நம் ஊர்களில் செல்லாது.

நான் ஃபைபர் பராமரிப்பு வேலையில் இருப்பவன். கேபிளை அறுத்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "நெட்டுதானே சார், சாயந்திரம் வந்துடும்ல?" அறுந்த இழையில் போய்க்கொண்டிருந்தது வங்கியின் தகவலா, ஆஸ்பத்திரியின் தகவலா, ராணுவத்தின் தகவலா என்பது இழையை ஒட்டும் எனக்கே தெரியாது. தெரியவும் கூடாது.

முப்படைகளுக்கென்றே தனி ஃபைபர் வலையமைப்பை உருவாக்கும் பொறுப்பு பிஎஸ்என்எல்லிடம் தரப்பட்டது. 2018 மே மாதம் மத்திய அமைச்சரவை அதற்கான தொகையை 24,664 கோடி ரூபாயாக உயர்த்தியது. படைகள் தங்களிடமிருந்த அலைக்கற்றையில் ஒரு பகுதியை மொபைல் சேவைக்கு விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக வந்த திட்டம் இது.

படைகளுக்கு ஏன் ஃபைபர்? வயர்லெஸ் அலையை எதிரி ஒட்டுக்கேட்கலாம், ஜாமர் வைத்து முடக்கலாம், அலை வரும் திசையை வைத்தே முகாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஃபைபரில் ஒளி இழைக்குள்ளேயே போகிறது. இழையை வளைத்து ஒளியைத் திருட வழி உண்டு என்பதால் தகவலை எப்படியும் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்துதான் அனுப்புவார்கள். நகரும் படைக்கும் கப்பலுக்கும் வயர்லெஸும் செயற்கைக்கோளும்தான் கதி. கடற்படைக்கு 2013-ல் ஜிசாட்-7, விமானப்படைக்கு 2018-ல் ஜிசாட்-7ஏ என்று நம்மிடமும் உண்டு. ஆனால் செயற்கைக்கோளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2022 பிப்ரவரி 24 காட்டியது. ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்த அதே நாளில் வியாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் மோடம்கள் சைபர் தாக்குதலில் ஆயிரக்கணக்கில் செயலிழந்தன. ஜெர்மனியில் இருந்த காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்புகூட அதில் போனது.

சரி, ஒரு கேபிள் அறுந்தால் ராணுவத் தொடர்பு நின்றுவிடுமா? நிற்காது. முக்கியமான வலைகளை வளையமாக அமைப்பார்கள். ஒரு பக்கம் அறுந்தால் தகவல் மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடும். வில்லங்கமே இதில்தான். யாருக்கும் எதுவும் நின்றதாகத் தெரியாததால், அறுத்தவர் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். நாங்கள் ஓடிடிஆர் கருவியில் இழைக்குள் ஒளியை அனுப்பி, அறுந்த இடம் எவ்வளவு தூரம் என்று பார்த்து, குழுவோடு போய், மூடிய பள்ளத்தை மறுபடி தோண்டி, இழை இழையாக ஒட்ட வேண்டும். அதற்குள் வேறெங்காவது இன்னொரு ஜேசிபி பக்கெட் இறங்கினால் வளையம் முழுக்கப் போச்சு. சாலை அகலப்படுத்தும் வேலை நடக்கும் காலத்தில் இது வெறும் கற்பனை இல்லை.

ஒட்டினாலும் பழையபடி ஆகாது. இடையில் புதுத் துண்டு வைத்தால் இரண்டு ஜாயின்ட், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஒளி இழப்பு. பலமுறை அறுபட்ட பாதையைக் கடைசியில் மாற்றித்தான் போட வேண்டும்.

ஜேசிபி டிரைவரைத் திட்டிப் பயனில்லை என்பது என் கருத்து. வண்டி மணிக்கணக்கு வாடகையில் ஓடுகிறது, அவரால் காத்திருக்க முடியாது. அடியில் என்ன போகிறது என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டியவர் வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர். தோண்டும் முன் தகவல் தருவது 2023 ஜனவரியில் வந்த விதிகளின்படி கட்டாயம். அதற்கென 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செயலியை 2023 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்தது. இடத்தைப் பதிவு செய்தால் அடியில் கேபிளோ குழாயோ வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். அப்புறம், பாறைப் பகுதியில் கடப்பாரை, மண்வெட்டியால் ஒரு சோதனைக் குழி போட்டுப் பாருங்கள்.

அறுந்தே போனால் மூடாதீர்கள். பக்கத்து அடையாளக் கல்லில் எண் இருந்தால் உடனே கூப்பிடுங்கள். அறுந்த முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டாம். அதில் வரும் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, பார்வையைக் கெடுக்கும்.