இழையே உணவாகும் பூஞ்சை

உதகை, குன்னூர்ப் பகுதிகளில் மொட்டுக் காளான் வளர்க்கும் கொட்டகைக்குள் சென்றவர்கள், உரப்படுக்கை முழுவதும் வெண்ணிறமாகப் படர்ந்திருக்கும் மெல்லிய இழைகளைக் கண்டிருப்பார்கள். 22 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அவை மக்கிய வைக்கோலை உண்டு பரவுகின்றன. வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் மொட்டுகள் அரும்புகின்றன. நாம் சமைப்பது அந்த மொட்டுகளை மட்டுமே. பூஞ்சையின் உடலாகிய இழைகள், அறுவடை முடிந்ததும் கழிவு உரத்தோடு வெளியேறிவிடுகின்றன.

அந்த இழையையே உணவாக்கினால் கிடைப்பது மைக்கோபுரதம். உலகில் புரதப் பற்றாக்குறை வரும் என்ற அச்சம் நிலவிய 1960களில், ராங்க் ஹோவிஸ் மக்டூகல் என்ற பிரிட்டிஷ் மாவு நிறுவனம் பல இடங்களின் மண்ணை ஆராய்ந்து, இங்கிலாந்தின் மார்லோ என்னும் ஊரின் மண்ணில் ஃபியூசேரியம் வெனினேட்டம் என்ற பூஞ்சையைக் கண்டெடுத்தது. கார்னேஷன் செடிகளை வாடவைக்கும் பூஞ்சையும் இதே பேரினத்தைச் சேர்ந்தது என்பதை நீலகிரியின் மலர் விவசாயிகள் அறிவார்கள். இந்த இனத்தின் உறவுகள் சில நச்சுகளைச் சுரப்பவை என்பதால், பல ஆண்டுச் சோதனைகளுக்குப் பிறகே, 1985இல், குவார்ன் என்ற பெயரில் இது விற்பனைக்கு வந்தது. அந்தப் பொறுமை மிகவும் சரியானது என்றே கருதுகிறேன்.

இங்கே உரப்படுக்கை கிடையாது. ஏறத்தாழ 40 மீட்டர் உயரமும் ஒன்றரை லட்சம் லிட்டர் கொள்ளளவும் கொண்ட கலத்தில் குளுக்கோஸ், அம்மோனியா, தாது உப்புகள், பயோட்டின் என்ற வைட்டமின் ஆகியவை கரைந்த நீர் நிரம்பியிருக்கும். சுழலும் அலகுகள் நீண்ட இழைகளை அறுத்துவிடும் என்பதால் கலக்கும் வேலையைக் காற்றிடமே விட்டுவிடுகிறார்கள்: ஒரு குழாயின் அடியில் செலுத்தப்படும் காற்றுக்குமிழிகள் திரவத்தை இலேசாக்கி மேலே தூக்க, உச்சியில் குமிழிகள் பிரிந்தபின் கனத்த திரவம் மறு குழாய் வழியே கீழிறங்குகிறது. வளரும் பூஞ்சை தானே வெப்பத்தை வெளியிடுவதால், 28 முதல் 30 டிகிரியில் நிலைநிறுத்த அதை இடைவிடாமல் குளிர்விக்க வேண்டும். ஒருபுறம் சத்துநீர் சேர, மறுபுறம் இழைகள் வெளியேற, இது வாரக்கணக்கில் தொடரும். ஆனால் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரத்தில், அளவுக்கு மீறிக் கிளைக்கும் திரிபுகள் தோன்றிப் பெருகத் தொடங்குகின்றன. அவற்றின் குட்டை இழைகள் நார்த்தன்மையைக் கெடுப்பதால் கலத்தைக் காலிசெய்து புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

வேகமாக வளரும் எந்தச் செல்லிலும், புரதம் உருவாக்க உதவும் ஆர்என்ஏ என்ற மூலக்கூறு மிகுந்திருக்கும். அதை அப்படியே உண்டால் உடலில் யூரிக் அமிலம் கூடும். எனவே, அறுவடையான இழைகளை 65 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் அரை மணி நேரம்வரை வைக்கிறார்கள். செல்லின் சொந்த நொதிகளே ஆர்என்ஏவைச் சிதைத்து வெளியேற்ற, உலர் எடையில் சுமார் 10 விழுக்காடாக இருந்த அதன் அளவு 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குகிறது. இதில் விளைச்சலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்து போகிறது. உண்பவரின் நலனுக்காக இந்த இழப்பைத் தவிர்க்க வழியில்லை.

பின்னர் முட்டை வெண்கருவோ தாவரப் பசையோ சேர்த்து, ஆவியில் வேகவைத்து, உறையவைக்கிறார்கள். மெதுவாக வளரும் பனிப்படிகங்கள் இழைகளை நெருக்கிக் கற்றைகளாக்க, கோழி இறைச்சியை ஒத்த நார்த்தன்மை உருவாகிறது. நூறு கிராம் மொட்டுக் காளானில் ஏறத்தாழ 3 கிராம் புரதம் இருக்க, அதே எடையுள்ள மைக்கோபுரதத்தில் 11 கிராம் இருக்கிறது. இன்றியமையாத அமினோ அமிலங்கள் அனைத்தும் அதில் உண்டு. இழைச்சுவரின் கைட்டினும் பீட்டா குளுக்கனும் சுமார் 6 கிராம் நார்ச்சத்தாகின்றன. சிலருக்கு இது ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், முதன்முறை உண்பவர்கள் சிறிதளவில் தொடங்குவது நல்லது.