அளந்தால் நின்றுவிடும் அணு, கவனித்தால் திரும்பும் மனம்

தியானத்தையும், அணு அளவிலான நுண்ணுலகத்தை ஆராயும் குவாண்டம் இயற்பியலையும் முடிச்சுப் போட்டுப் பேசும் வீடியோ ஒன்றாவது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். நாம் கவனிப்பதால்தான் உலகமே உருவாகிறது, குவாண்டம் அதை நிரூபித்துவிட்டது என்பார்கள். எனக்குத் தியானமும் பிடிக்கும், இயற்பியலும் பிடிக்கும். அதனாலேயே இந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் இரண்டு பக்கமும் உண்மையில் நடப்பது இதைவிட எவ்வளவோ சுவாரசியமானது.

ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் நான் கையில் எடுப்பது குவாண்டம் ஜீனோ விளைவைத்தான். 1977-இல் இயற்பியலாளர்கள் பைத்யநாத் மிஸ்ராவும் ஜார்ஜ் சுதர்சனும் வைத்த பெயர் அது. (கோட்டயத்துக்காரரான சுதர்சன், எண்பதுகளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர், வேதாந்தத்திலும் ஈடுபாடு கொண்டவர்.) ஓர் அணு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறத் தொடங்கும்போது, அதை விடாமல் அளந்துகொண்டே இருந்தால் மாறாமல் இருந்த நிலையிலேயே நின்றுவிடும் என்பதுதான் விஷயம்.

கேட்க மாயம் போல இருந்தாலும் 1990-இல் அமெரிக்காவின் போல்டர் நகர ஆய்வகத்தில் இயற்பியலாளர் டேவிட் வைன்லேண்ட் குழுவினர் இதைச் செய்தே காட்டினார்கள். சுமார் 5000 பெரிலியம் அயனிகளை, அதாவது மின்னேற்றம் கொண்ட அணுக்களை, பொறியில் பிடித்து வைத்து, 256 மில்லி விநாடிக்கு ரேடியோ அலையைப் பாய்ச்சினார்கள். இடையில் தொந்தரவு செய்யாமல் விட்டால் ஏறக்குறைய எல்லா அயனிகளும் ஆற்றல் கூடிய மேல்நிலைக்குப் போய்விடும். அதே நேரத்துக்குள் லேசர் துடிப்பால் 4 முறை அளந்தால் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது, 64 முறை அளந்தால் அநேகமாக எதுவுமே போவதில்லை. காரணம் எளிது. ஆரம்பக் கணங்களில் மாற்றம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது, அதாவது நேரம் பாதியானால் மாற்றம் கால்வாசிதான். ஒவ்வொரு அளவீடும் அயனியை மறுபடி ஆரம்பப் புள்ளிக்கே கொண்டுவந்து விடுவதால், மாற்றம் வேகமெடுக்கவே வழியில்லை.

இப்போது மூச்சைக் கவனித்து உட்காருங்கள். மனம் நழுவும், நழுவியது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புவோம், அடிக்கடி திரும்பினால் நினைவுகள் சங்கிலியாக நீள்வதில்லை. அப்படியே ஜீனோதானே என்று யாருக்கும் தோன்றும். மனதில் வைத்துக்கொள்ள நல்ல படம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் போல்டரில் அயனிகளை அளந்தது யாருடைய மனமும் இல்லை, லேசர் ஒளி. ஆய்வாளர்கள் எல்லோரும் எழுந்து வெளியே போயிருந்தாலும் அதே முடிவுதான் வந்திருக்கும். வியன்னாவில் செய்து 2004-இல் வெளியான சோதனை இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது: 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை வெற்றிடத்தில் கம்பிச் சட்டங்கள் வழியே அனுப்பினால், அலை போல நடந்துகொண்டு, அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் வரும் குறுக்கீட்டுப் பட்டைகளை உண்டாக்கும். அதே மூலக்கூறுகளை லேசரால் சூடாக்கினால், சூடு ஏற ஏறப் பட்டைகள் மங்கி மறைந்துபோகின்றன. சூடான மூலக்கூறு தானே ஒளித்துகள்களை வெளிவிடுகிறது, எந்த வழியாக வந்தது என்ற தகவல் அவற்றோடு வெளியே போய்விடுகிறது, அதுவே ஓர் அளவீடு போல ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். அந்த ஒளியை யாராவது பிடித்துப் பார்த்தார்களா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

சரி, மூளைக்குள்ளேயே குவாண்டம் நடக்கலாமே? இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் போன்ற பெரிய மேதைகளே அப்படி யோசித்திருக்கிறார்கள். இன்னோர் இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க் 2000-இல் போட்ட கணக்குப்படி, சூடும் ஈரமுமாக இருக்கும் மூளையில் எளிதில் கலைந்துவிடும் குவாண்டம் நிலைகள் ஒரு விநாடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குகூடத் தாங்காது. நரம்புச் செல் ஒரு துடிப்பை அனுப்பவே மில்லி விநாடி ஆகிறது. விவாதம் இன்னும் ஓய்ந்துவிடவில்லை, ஆனாலும் எனக்கு இந்த இடைவெளி பெரிதாகத்தான் தெரிகிறது.

அப்புறம் தியானத்தில் நடப்பது என்ன? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் 14 தியானப் பயிற்சியாளர்களை ஸ்கேனருக்குள் படுக்க வைத்து, மனம் அலைந்ததை உணரும் கணத்தில் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். 2012-இல் அந்த முடிவுகள் வந்தன. மனம் அலையும்போது, சும்மா இருக்கையில் நம்மைப் பற்றியே அசைபோடும் மூளை வலைப்பின்னல் ஓடுகிறது. உணர்ந்த கணத்தில், முக்கியமானதைக் கண்டுபிடிக்கும் இன்சுலா போன்ற பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. பிறகு நெற்றிப்பக்க மூளை கவனத்தை மூச்சுக்குத் திருப்புகிறது. நீண்ட நாள் தியானம் செய்தவர்களிடம் அந்த அசைபோடும் வலைப்பின்னலின் முக்கியப் பகுதிகள் தியானத்தின்போது குறைவாகவே இயங்குவதை 2011-இல் யேல் பல்கலைக்கழகக் குழு கண்டது.

அதனால் மனம் அலைந்தது தெரியவந்ததும் தியானம் கெட்டுவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். அந்தப் பொத்தானை அழுத்தும் கணம் இருக்கிறதே, பயிற்சி நடப்பதே அங்கேதான்.