டியூக்குக்காக ஏன் கத்தினீர்கள்?

டாலஸில் ஐடி வேலையில் இருக்கும் ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "2025 மார்ச் மேட்னஸில் நான்கு அணிகள் மிஞ்சியபோது எங்கள் ஆபீஸ் பூலில் நான் இரண்டாம் இடம். சாம்பியன் என்று நான் எழுதிக்கொடுத்த டியூக் அணி அப்போதும் களத்தில் இருந்தது. ராத்திரி தொண்டை கட்டும்வரை டியூக்குக்காகக் கத்தினேன். தோற்றுவிட்டது, பரிசும் போய்விட்டது. எங்கே தப்பு செய்தேன்?"

கூடவே மூன்று பேருடைய கணிப்புகளையும் புள்ளிகளையும் அனுப்பியிருந்தார். அதைப் பார்த்த பிறகு சொல்கிறேன்: தப்பு எதுவும் இல்லை. கத்தியதுதான் வீண்.

பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. மார்ச் மேட்னஸ் என்பது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி. அதில் 64 அணிகள் கொண்ட பிரதானச் சுற்று உண்டு. தோற்றால் வீட்டுக்கு. ஆக 63 ஆட்டங்கள். தொடங்கும் முன்பே 63 ஆட்டத்துக்கும் யார் ஜெயிப்பார் என்று எழுதிக்கொடுப்பதுதான் பிராக்கெட். ஆபீசில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, யாருடைய பிராக்கெட் அதிகப் புள்ளி எடுக்கிறதோ அவருக்குப் பரிசு என்று வைத்துக்கொண்டால் அது பூல். சரியான கணிப்புக்கு முதல் சுற்றில் 1 புள்ளி, அப்புறம் 2, 4, 8, அரையிறுதிக்கு 16, இறுதி ஆட்டத்துக்கு 32 என்பது பரவலான முறை.

63 ஆட்டங்கள் முடியக்கூடிய வழிகள் 2இன் 63ஆம் அடுக்கு. சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் அரிசியை இரட்டித்துக் கேட்டு ராஜாவைத் திணறடித்த கதை நமக்குத் தெரியுமே, அதில் 64ஆம் கட்டத்தில் மட்டும் வைக்க வேண்டிய அரிசி மணிகள் எத்தனையோ, அச்சு அசலாக அத்தனை: ஏறக்குறைய 92,000 கோடி கோடி. முழுப் பிராக்கெட்டையும் பிழையில்லாமல் சொல்வது நடக்காத காரியம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஒவ்வோர் ஆட்டம் முடியும்போதும் நாம் அந்தப் பலகையில் ஒரு கட்டம் பின்னால் வருகிறோம், அரிசி பாதியாகிறது. 32 அணிகள் மிஞ்சும்போது நான்காம் வரிசையின் கடைசிக் கட்டத்தில் நிற்கிறோம். 16 அணிகள் என்றால் இரண்டாம் வரிசை முடிவு: 32,768 மணிகள். கணினி ஒரு நொடியில் எண்ணிவிடும். எட்டு அணிகள் என்றால் முதல் வரிசையின் கடைசி, 128. நான்கு அணிகள் மிஞ்சும்போது எட்டே எட்டு மணிகள். இதற்குக் கணினி எதற்கு? மளிகை பில்லின் பின்பக்கம் போதும்.

அந்த எட்டையும் எண்ணுவோம். 2025இல் மிஞ்சியவை ஃபுளோரிடா, ஆபர்ன், டியூக், ஹூஸ்டன். 64 அணிகளையும் நான்கு மண்டலங்களாகப் பிரித்துத் தரவரிசை தருவார்கள்; இந்த நான்குமே தத்தம் மண்டலத்தில் முதல் தரவரிசை பெற்றவை. அப்படி நடந்தது அதற்கு முன் 2008இல் ஒரே ஒரு முறைதான். ஃபுளோரிடாவுக்கு எதிரே ஆபர்ன், டியூக்குக்கு எதிரே ஹூஸ்டன்.

வாசகரின் மேனேஜர் 100 புள்ளியோடு முதலிடம். இறுதியில் ஃபுளோரிடாவும் டியூக்கும் மோதி டியூக் ஜெயிக்கும் என்று எழுதியிருந்தார். நம் வாசகர் 94. ஆபர்னும் டியூக்கும், சாம்பியன் டியூக். அக்கவுண்ட்ஸ் பெண்மணி 88. ஃபுளோரிடாவும் ஹூஸ்டனும், சாம்பியன் ஃபுளோரிடா. மற்றவர்கள் எட்டாத தூரத்தில் பின்னால்.

முதலில் ஆபர்ன் ஜெயிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாசகருக்கு 16 ஏறி 110. டியூக் ஜெயித்தால் அவருக்கும் ஏறும், மேனேஜருக்கும் அதே அளவு ஏறும், சாம்பியனானாலும் அப்படியே. ஹூஸ்டன் ஜெயித்தால் அந்தப் பெண்மணி 104இல் நின்றுவிடுவார். ஆக அந்தப் பக்கத்தில் இருக்கும் நான்கு முடிவுகளிலும் பரிசு வாசகருக்குத்தான், டியூக் ஜெயித்தாலும் தோற்றாலும். ஃபுளோரிடா ஜெயித்தால்? மீதி நான்கு முடிவுகளில் ஒன்றில்கூட வாசகர் முதலில் வர முடியாது. டியூக் கோப்பையையே தூக்கினாலும் அவருக்கு 142, மேனேஜருக்கு 164.

அதாவது வாசகரின் தலைவிதி ஃபுளோரிடா–ஆபர்ன் ஆட்டத்தில் மட்டும் இருந்தது. அன்று சான் அன்டோனியோவில் முதலில் நடந்ததும் அதுதான். 79–73 என்று ஃபுளோரிடா ஜெயித்த நொடியிலேயே அவர் கதை முடிந்துவிட்டது. அப்புறம்தான் டியூக் ஆட்டமே தொடங்கியது! தோனி பேட் பிடிக்கும்போது சோபாவை விட்டு எழக்கூடாது என்று குடும்பத்தையே உட்கார வைக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். உட்கார்வதற்கும் சிக்ஸருக்கும் சம்பந்தமில்லை, ஆனால் சிக்ஸர் போனால் நம் அணிக்காவது லாபம். இவர் கத்தலுக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை, அந்த ஆட்டத்துக்கும் இவர் பரிசுக்கும் சம்பந்தமில்லை. இரண்டு பக்கமும் பூஜ்யம்.

இன்னொரு வேடிக்கை: முதலிடத்தில் இருந்த மேனேஜருக்குச் சாதகமான முடிவு எட்டில் ஒன்றே ஒன்று. தன் கணிப்பு முழுதாகப் பலித்தாக வேண்டும். எட்டும் சம வாய்ப்புள்ளவை அல்லதான். ஃபுளோரிடா அரையிறுதியை வெல்ல 55 சதவீதம், டியூக் வெல்ல 65, இருவரும் இறுதியில் மோதினால் டியூக்குக்கு 60 என்று என் கைக்கணக்காக வைத்துப் பெருக்கினேன். மேனேஜருக்கு 21 சதவீதம், பெண்மணிக்கு 34, வாசகருக்கு 45. புள்ளிப் பட்டியல் சொன்ன வரிசையே வேறு.

நம் பள்ளிப் புத்தகங்களில் நிகழ்தகவு என்றாலே பைக்குள் சிவப்புப் பந்து, நீலப் பந்து. பதினைந்து வயதுப் பையனுக்கு அந்தப் பந்து எந்த நிறமாக இருந்தால் என்ன? இந்த எட்டு முடிவுகளைக் கரும்பலகையில் போட்டால் கடைசி பெஞ்சும் எழுந்து வரும்.

சரி, அடுத்த வருடம் என்ன செய்யலாம்? முன்பே எழுதிக்கொடுத்த பிராக்கெட்டை மாற்ற முடியாது. ஆனால் 16 அணிகள் மிஞ்சும்போது புதிதாகத் தொடங்கும் பூல்களும் உண்டு. அங்கே எல்லோரும் எந்த அணி பலமானது என்று மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் அந்த அணியின் வெற்றி வாய்ப்பை, அதை எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்ற எண்ணால் வகுத்துப் பாருங்கள். இருபது பேர் பூலில் 30 சதவீத வாய்ப்புள்ள அணியைப் பத்துப் பேர் எழுதினால், தோராயமாக ஆளுக்கு 3 சதவீதம். 20 சதவீத வாய்ப்புள்ள அணியை இரண்டே பேர் எழுதினால் ஆளுக்கு 10. சுற்றுக்குச் சுற்று கணிப்பு எழுதும் பூலில் பின்தங்கியிருந்தால், முன்னால் இருப்பவர் எழுதியதையே எழுதி அவரைப் பிடிக்க முடியாது; எங்காவது விலகித்தான் ஆக வேண்டும். முன்னால் இருப்பவருக்கு நேர் எதிர் வேலை: துரத்துகிறவர் எழுதுவதை ஊகித்து அப்படியே எழுதிவிட வேண்டும். அதனால் மேனேஜருக்கு இந்தக் கட்டுரையை அனுப்பிவிடாதீர்கள்.

அந்த ராத்திரி டியூக் இரண்டாம் பாதியில் 14 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டு 67–70 என்று ஹூஸ்டனிடம் தோற்றது. இரண்டு நாள் கழித்து ஃபுளோரிடா 65–63 என்று ஹூஸ்டனை வென்றது. மூன்றாம் இடத்தில் இருந்த அக்கவுண்ட்ஸ் பெண்மணி, 152 புள்ளியோடு பணத்தை வாங்கிக்கொண்டு போனாராம்.