மொக்கை பிளேடு பாதுகாப்பு என்று யார் சொன்னது?

போன சனிக்கிழமை ஒரு பள்ளியின் அறிவியல் பயிலரங்கத்துக்குப் போயிருந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், அறுத்துப் பார்க்க மேசைக்கு ஓர் ஆட்டு இதயம், ஒரு அறுவைக் கத்தி. நான் நுழையும்போதே ஒரு பையன் இடது கட்டைவிரலைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். இந்த வருடம் நான் பார்க்கும் மூன்றாவது வெட்டுப்பட்ட விரல் இது. "சின்னப் பிள்ளைங்கதானே சார், அதான் பழைய பிளேடா பார்த்துக் கொடுத்தோம்" என்றார் பொறுப்பாசிரியர்.

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மழுங்கின அரிவாள்மணையில் தக்காளி நறுக்கிப் பாருங்கள். தோல் வெட்டுப்படாது, நசுங்கும். உடனே என்ன செய்வீர்கள்? இன்னும் அழுத்துவீர்கள். பன்னிரண்டு வயதுப் பையனும் அதைத்தான் செய்வான். கீழே இருப்பதோ ஈரமும் கொழுப்புமாக வழுக்குகிற ஒரு சதைப் பந்து. இடது வெண்ட்ரிக்கிள், அதாவது இதயத்தின் இடது கீழறை, அதன் சுவர் லேசில் அறுபடாது. அழுத்திக்கொண்டே இருக்கும்போது பிளேடு சட்டென்று வழுக்கும். வழுக்கினால் நேராகப் போவது, இதயத்தைப் பிடித்திருக்கிற இன்னொரு கைக்கு. மூன்று பிள்ளைகளுக்கும் வெட்டுப்பட்டது பிளேடு பிடிக்காத கையில்தான். புது பிளேடு என்றால் வைத்து இழுத்தாலே போதும், அழுத்தவே வேண்டாம். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதற்காகப் புது பிளேடைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். முதல் கீறலை நீங்கள் போடுங்கள். மீதிக்கு முனை மழுங்கிய கத்தரிக்கோல் போதும். முனைதான் மழுங்கல், வாய் கூராக இருக்கட்டும்! கத்திப் பிடியில் பிளேடு மாட்டும்போதும் கழற்றும்போதும் பிளேடை இடுக்கியால் பிடியுங்கள். அனுபவசாலிகள் விரலை வெட்டிக்கொள்வது அங்கேதான். நானும் வெட்டிக்கொண்டிருக்கிறேன். கழற்றியதைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், நாளைக்கு அதில் கைவிடப் போவது தூய்மைப் பணியாளர். கெட்டியான டப்பாவில் போட்டு மூடுங்கள்.

கடையில் முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும்: "பாய், இதயத்தைக் கீறாம, மேல குழாயோட குடுங்க." இல்லையென்றால் பெருந்தமனியை, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பெரிய குழாயை, ஒட்ட நறுக்கி, இரண்டாகப் பிளந்து தருவார். குழாய் முழுசாகக் கிடைத்தால் வெட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பெருந்தமனிக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே பிறை வடிவ மடல்கள் மூன்று பைபோல உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்ளும். மேலே தண்ணீர் நிற்கும். ரத்தம் திரும்பி வராமல் தடுக்கும் இந்த அரைச் சந்திர வால்வைப் படம் வரைந்து அரைமணி நேரம் விளக்கியிருக்கிறேன். இந்த ஒரு டம்ளர் தண்ணீர் முன்னால் அதெல்லாம் வீண்.

தவளை வேண்டும் என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். 2014-லேயே பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி விலங்கியலிலேயே அறுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஏழாம் வகுப்புக்கு எதற்கு? பார்மலின் ஜாடியிலிருந்து பழைய தவளையை எடுத்து வந்து, ஜன்னல் சாத்திய அறையில் திறக்கும் புண்ணியவான்களும் உண்டு. பிள்ளைகளின் கண் எரிவது பாசத்தால் அல்ல. பார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். தயவுசெய்து வேண்டாம்.

முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், மேசையையும் கழுவுங்கள். வெட்டுப்பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவி, அழுத்திப் பிடித்து, டாக்டரிடம் கூட்டிப்போய் டிடி ஊசி வேண்டுமா என்று கேளுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு தடவையும் ஒரு அம்மா மெதுவாக வந்து கேட்பார், "சார், இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வறுத்துடலாமா?" வேண்டாம்மா. முப்பது பிள்ளைகள் விரல் விட்டு நோண்டியது.